கடைசியாகத் தொட்டவர்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்காக அவர் ஒன்றும் கைத்தடி ஊன்றி நடக்கவில்லை, வயது நாற்பத்தாறுதான். ஆனால் சாஃப்ட்வேர் எழுதுகிற இடங்களில் முப்பத்தைந்தைத் தாண்டியவர்களே பிறந்த வருஷத்தைச் சொல்வதற்கு முன் ஒருமுறை எச்சில் விழுங்குவார்கள். இவருக்கோ முன்மண்டையில் முடி எப்போதோ விடைபெற்றுவிட்டது. மூக்குக்கண்ணாடி இரண்டு வைத்திருந்தார், ஒன்று கம்ப்யூட்டர் திரைக்கு, மற்றது மனிதர்களுக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் திண்டாடுவதை டீம் முழுக்க ரசிக்கும். மேனேஜரும் பெரியப்பா என்றே அழைத்தார். அந்த மேனேஜருக்கு இவரைவிட ஒன்பது வயது குறைவு.

கம்பெனி, க்ளினிக்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. நோயாளி எந்த டாக்டரை எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று பதிவு செய்து, அன்று காலை அவர் செல்போனுக்கு ஞாபகப்படுத்திச் செய்தி அனுப்பும். உயிர் காக்கும் பணி என்று கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. உண்மையில் 'பத்தரைக்கு மறக்காமல் வாருங்கள்' என்று சொல்கிற பணி. அதைச் சொல்ல ஏழு பேர் கொண்ட டீம். அந்த ஏழு பேரும் தினமும் காலை ஒன்பதரைக்கு வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எனக்கு என்ன தடங்கல் என்று ஒப்பிக்க வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்றுதான் நிற்க வைத்தார்கள். நின்றபடியே முக்கால் மணி நேரம் வளர்ந்தது. பெரியப்பா ஏழு வருஷமாக, "தடங்கல் ஒண்ணும் இல்ல" என்றே சொல்லிவந்தார்.

தடங்கல் இல்லாமலா? மூன்று நாள் வேலைக்கு மூன்று நாள் கேட்பார்; மேனேஜர் அதைப் பாதியாக்குவார்; அந்தப் பாதிக்குள் இன்னும் இரண்டு அவசர வேலைகளைச் செருகுவார். மதியச் சாப்பாட்டைத் திரைக்கு முன்னால் திறந்து வைத்து, ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் தட்டுவார். மாதத்தில் ஒரு வாரம் அவருக்குக் காவல் முறை வரும். அந்த வாரம் மென்பொருள் எந்த நேரத்தில் படுத்தாலும் கால் மணி நேரத்துக்குள் அவர் எழுப்பியாக வேண்டும். குளிக்கப் போகும்போதுகூட செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போவார். மகள் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறிய ஒரே வருஷம் அவருக்குக் காவல் வாரமாக அமைந்தது. நாடகம் முடிகிறவரை அவர் மாடிப்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். கைதட்டல் மட்டும் கேட்டது.

ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். காரணம் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் முந்தைய கம்பெனி அவரை ஒரு புதன்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த எட்டு மாதம் வேலை இல்லை. முதல் இரண்டு மாதம், அக்கம்பக்கத்தார் கேட்டுவிடக் கூடாதென்று, தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்ப் பொது நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தினமும் டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். நூலகத்தில் சாப்பிட அனுமதி இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்றைக்கும் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றித்தான் போவார்.

இந்தக் கதையை வீட்டுக்கு வெளியே அவர் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னார். பக்கத்து சீட்டுப் பெண்.

அவள் வந்து சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வயது முப்பத்தொன்று, அம்மாவும் அவளுமாக ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார்கள். வீட்டில் பேசும்போது அவர் அவளைப் பக்கத்து சீட்டு என்றே சொல்லிப் பழகியதில், மனைவியும், "உங்க பக்கத்து சீட்டுக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று விசாரிப்பாள். அவளுக்கு ஒரு சுபாவம்: எதுவும் கலைந்து கிடக்கப் பொறுக்காது. யாரோ கழுவாமல் வைத்த காப்பிக் கோப்பையைத் திட்டிக்கொண்டே கழுவுவாள். யாரோ அலங்கோலமாக எழுதிய புரோகிராமைத் திட்டாமல் சரிசெய்வாள்.

வினை அங்கேதான் வந்தது. நினைவூட்டல் அனுப்புகிற ஃபைல் ஒன்று இருந்தது. பெரும்பகுதி பெரியப்பா எழுதியது, ஆறு வருஷத்துக்கு முன்னால், அவசர அவசரமாக. ஒவ்வொரு வரியும் திரையின் வலது ஓரத்தைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். படிக்க வேண்டுமென்றால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எழுதினவனை நிக்க வச்சு உதைக்கணும்" என்று முணுமுணுத்தார்.

"எழுதினவர் நீங்கதான் பெரியப்பா" என்றாள் அவள்.

"அதான் சொல்றேன்."

மறுநாள் காலை அவள் அந்த ஃபைலை உட்கார்ந்து ஒழுங்கு செய்திருந்தாள். நீண்ட வரிகளை மடித்து, இடம் விட்டு, ஓரம் நேராக்கியிருந்தாள். உள்ளே இருந்த தர்க்கத்தில் ஓர் எழுத்தைக்கூட அவள் தொடவில்லை. "உங்க கண்ணுக்காகத்தான். பார்த்து ஓகே பண்ணிடுங்க" என்றாள். இன்னொருவர் பார்த்துச் சம்மதிக்காமல் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது டீமின் விதி. பெரியப்பா அந்த விதியை எல்லோரையும் போலவே காப்பாற்றினார்: பார்க்காமல் சம்மதித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் பதிவாகும். எழுதியவர் பெயர் அல்ல; கடைசியாகத் தொட்டவர் பெயர். ஒரே ஒரு இடைவெளியைத் தட்டினாலும் அந்த வரி தட்டியவர் கணக்கில் போய்விடும். பழைய பெயர் அழிவதில்லை, அடியில் இருக்கும். ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்று யாராவது நினைத்து இரண்டு முறை அழுத்த வேண்டும். அவள் ஓரத்தை நேராக்கிய அன்று, எண்ணூறு சொச்சம் வரிகளும் மேலிருந்து கீழ்வரை அவள் பெயருக்கு மாறின. அதை இருவருமே பெரிதாக நினைக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. காலையில் டாக்டர்களின் பட்டியல் வந்து சேர வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. அதற்குள் மென்பொருள் பட்டியலைத் தேடிப் பார்த்து, ஒரு டாக்டரும் இல்லை, ஆகவே இன்று எல்லா க்ளினிக்கும் விடுமுறை என்று முடிவு கட்டியது. பதினோராயிரம் பேருக்கு 'உங்கள் சந்திப்பு ரத்து செய்யப்பட்டது' என்று செய்தி பறந்தது. நோயாளிகள் வீட்டில் இருந்துவிட்டார்கள். ஊரெல்லாம் டாக்டர்கள் காலி நாற்காலிகளுக்கு எதிரே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். க்ளினிக் முதலாளிகள் போனில் கத்தினார்கள்.

டீம் முழுக்கக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்க, பெரியப்பா மட்டும் நேராக அந்த ஃபைலைத் திறந்து நேராக அந்த வரிக்குப் போனார். தேடவே இல்லை. 'பட்டியல் காலியாக இருந்தால் விடுமுறை என்று எடுத்துக்கொள்' என்கிற வரி. அதன் தலைமேல், இப்போதைக்கு இது போதும், பிறகு சரிசெய்யலாம் என்று ஒரு குறிப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு டாக்டர் இருந்த சின்ன க்ளினிக்குக்காக அவர் எழுதிவைத்தது. அந்தப் பிறகு வரவே இல்லை. இருபது நிமிஷத்தில் வரியையும் குறிப்பையும் எடுத்துவிட்டு வேறு எழுதினார்.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பெரியப்பா இருக்கும்போது நமக்கென்ன கவலை!" என்று எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேனேஜர் அடுத்த போனுக்குப் போய்விட்டார். அந்த நிமிஷமே கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருந்தால், ஒரு கிழவரின் பழைய தப்பு என்று சிரித்து முடிந்திருக்குமோ என்னவோ. பின்னாளில் அவர் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தது அந்த நிமிஷத்தைத்தான்.

செவ்வாய்க்கிழமை நிலைமை மாறியது. எல்லா டீமிலும் ஒரு ஆளைக் குறைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருப்பது காப்பி மெஷின் பக்கத்தில் கசிந்தது. அன்று மத்தியானம் மேனேஜர் ஏழு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் இருந்த பெரிய திரையில் அந்த ஃபைல், சரிசெய்வதற்கு முன்னால் இருந்த கோலத்தில் விரிந்தது. இடது ஓரத்தில் வரிசையாக ஒரே பெயர்.

"இது யார் பார்த்த வேலை?" என்று கேட்டார் மேனேஜர். பெயர் ஒரு சாண் உயரத்தில் தெரிந்தது. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"நான் வரியை மடிச்சேன், இடம் விட்டேன், அவ்வளவுதான் சார்" என்றாள் பக்கத்து சீட்டு. "அந்த விடுமுறைக் கண்டிஷன் முன்னாடியே இருந்தது."

"முன்னாடின்னா?"

அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெரியப்பாவின் பக்கம் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"முன்னாடி யாரு, அதுக்கு முன்னாடி யாருன்னு ஆராய்ச்சி பண்ண எனக்கு நேரமில்ல" என்றார் மேனேஜர். "கஸ்டமர் லைன்ல இருக்காரு. தொட்டவங்கதான் பொறுப்பு. எண்ணூறு வரி தொட்டிருக்கீங்க, அந்த ஒரு வரியைப் படிக்கத் தோணலையா?"

அடியில் இருக்கிற பழைய பெயரைப் பார்க்க இரண்டு அழுத்தல். அறையில் இருந்த ஏழு பேருக்கும் அது தெரியும். தொழிலில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற சங்கதி. ஒருவரும் கையை நீட்டவில்லை. தோண்டினால் தன் பெயர் எங்கிருந்து கிளம்புமோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். பெரியப்பாவுக்கு மட்டும் எங்கிருந்து கிளம்பும் என்று நிச்சயமாகத் தெரியும். அவர் மனிதர்களைப் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். கூட்டம் முடிகிறவரை துடைத்தார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று புதன்கிழமைக்குத் தள்ளினார். புதன்கிழமை மேனேஜர் அறைக் கதவுவரை போய், தண்ணீர் பிடிக்க வந்தவர்போலத் திரும்பினார். வியாழக்கிழமை சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதினார். எழுதியதைப் படித்தால் ராஜினாமாக் கடிதம் மாதிரி இருந்தது. கிழித்துப்போட்டார். நாற்பத்தாறு வயதில் தன்னை யார் எடுப்பார்கள், அவளுக்கு முப்பத்தொன்றுதானே, நாளைக்கே வேறு இடம் கிடைக்கும் என்று மனசு நியாயம் பேசிப் பேசித் தேய்ந்தது. அவள் அந்த மூன்று நாளும் வழக்கம்போல அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது, ஐந்து மாதத்துக்கு முன் மடித்த வரியில் யார் பெயர் இருந்ததென்று யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, மேஜைக்கு அடியில் வைத்திருந்த செருப்பையும் நாற்காலி மெத்தையையும் எடுத்துப் பையில் திணித்தாள்.

"வரேன் பெரியப்பா" என்றாள்.

"பார்த்துப் போம்மா" என்றார் அவர். ஏழு வருஷ உத்தியோகத்தில் அவர் பேசிய வார்த்தைகளிலேயே கேவலமான வார்த்தை அதுதான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டது.

அவளுடைய வேலையும் இவர் தலையில் விழுந்தது. காவல் வாரம் மாதத்துக்கு இரண்டாயிற்று. புதிதாக ஆள் எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் யாரோ பழைய பிரின்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஃபைலைத் திறக்கும் போதெல்லாம் எண்ணூறு தடவை அவள் பெயர். வேலை நிமித்தம் எங்கேயாவது கை வைத்தால் அந்த வரியில் அவள் பெயர் போய் இவர் பெயர் வந்து உட்காரும். அதனாலேயே கூடியவரை அதைத் தொடாமல் சுற்றி வளைத்து வேறு எங்கேயாவது எழுதினார். வீட்டில் மனைவி, "பக்கத்து சீட்டு எப்படி இருக்கா?" என்று கேட்டபோது, "வேற கம்பெனிக்குப் போயிட்டா" என்றார். "நல்லதுதான், கெட்டிக்காரப் பொண்ணு" என்றாள் மனைவி.

இவ்வளவும் எதற்கு? வாயை மூடிக்கொண்டு அவர் சம்பாதித்தது இரண்டு வருஷமும் நாலு மாதமும். அதற்கப்புறம் கம்பெனியை வேறொருவன் வாங்கினான். வாங்கியவனிடம் நினைவூட்டல் அனுப்ப வேறு மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. கால் மணி நேர வீடியோ கூட்டத்தில் டீம் மொத்தத்துக்கும் நன்றி சொல்லி அனுப்பினார்கள். மேனேஜரும் அதே கூட்டத்தில்தான் பாயைச் சுருட்டினார்.

நாற்பத்தெட்டு வயதில் மறுபடி விண்ணப்பம். ஐந்து மாதம் போயிற்று. பாதி இடங்களில் பதிலே இல்லை. மீதி இடங்களில் உங்கள் அனுபவம் எங்களுக்கு அதிகம் என்று மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். அப்போது பழைய டீம் ஆள் ஒருவன் சொன்னான்: பக்கத்து சீட்டு இப்போது ஒரு நல்ல கம்பெனியில் டீம் தலைவியாக இருக்கிறாள், அங்கே ஆள் எடுக்கிறார்கள். மனைவி விடவில்லை.

"அவளுக்குப் போன் பண்றதுல உங்களுக்கு என்ன கூச்சம்? பெரியப்பா பெரியப்பான்னு உயிரா இருந்தாளே."

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, காய்கிற துணிகளுக்கு நடுவே பால்கனியில் நின்று அவர் போன் செய்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"பெரியப்பா! எப்படி இருக்கீங்க? பாப்பா காலேஜ் போயிட்டாளா?"

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவரை உடைத்தது. வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், தயார் செய்து வைத்திருந்த எதுவும் ஞாபகம் வராமல், அந்த வரி தன்னுடையது என்று உளறிக் கொட்டினார். கண்ணாடி அறை, புதன்கிழமை, வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"தெரியும் பெரியப்பா" என்றாள். "மடிக்கும்போதே அந்தக் குறிப்பைப் படிச்சேன். இப்போதைக்கு இது போதும்னு நம்ம டீம்ல வேற யார் எழுதுவாங்க?"

"அப்ப நீயே அன்னிக்குச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம். சொன்னா உங்க பேரு போயிருக்கும். அந்த எட்டு மாசக் கதையை நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? நூலகத்துப் படியில உட்கார்ந்து சாப்பிட்டதை? என் வாயால வேண்டாம், நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை பதினொன்றரை வரைக்கும் நினைச்சிட்டிருந்தேன்."

கீழே தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அவர் கொடியில் நழுவிய துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"விண்ணப்பத்தை அனுப்புங்க" என்றாள் அவள். "உங்க வேலையைப் பத்தி என்னைக் கேட்பாங்க. நல்லதாத்தான் சொல்வேன், அது உண்மைதானே. வேற டீம்லயும் இடம் இருக்கு. ஆனா என் டீம்ல வேண்டாம் பெரியப்பா. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா. எடுத்துக்கல" என்றார்.

உள்ளே மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னா?" என்று கேட்டாள். அவர் எதிரே உட்கார்ந்து, முதல் தடவையாக, ஒன்று விடாமல் சொன்னார். அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்புறம் அவ எத்தனை மாசம் வேலையில்லாம இருந்தா?" என்று கேட்டாள்.

பெரியப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு வருஷமும் ஒன்பது மாதமும் அவளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததாகத்தான் அவர் நம்பியிருந்தார்.

"தெரியல" என்றார். "கேக்கல."